ஜூன் தொடக்கத்தில் ஹம்ப்டா கணவாய்: நாமாகவே போய்வர முடியுமா?

கோவையிலிருந்து நான்கு நண்பர்கள். ஜூன் 3 மணாலி, 4 ஜோப்ராவில் நடை தொடக்கம், 6 கணவாய், 7 சத்ரு, 8 சந்திரதால் ஏரி, 9ஆம் தேதி மாலை சண்டிகரில் விமானம். நிறுவனம் வேண்டாம், வழிகாட்டி வேண்டாம், டென்ட் சொந்தம். இதுவரை ஏறியவை வெள்ளியங்கிரி நான்கு முறை, குத்ரேமுக் ஒரு முறை. "முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கணவாயைத் தாண்ட உங்களால் முடியும். இந்தத் தேதிகளை வைத்துக்கொண்டு முடியாது. வாங்க வேண்டிய பட்டியலுக்கு அப்புறம் வருகிறேன், அது சின்ன விஷயம். முதலில் விமான டிக்கெட்டைப் பற்றிப் பேசலாம். சந்திரதாலில் ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் மாலைக்குள் சண்டிகர் போய்ச் சேருவது ரோடு நல்லபடி இருந்தாலே ஓட்டப்பந்தயம்தான். ஜூன் முதல் வாரத்தில் அந்த ரோடு இருக்குமா என்பதே கேள்வி. ஒரு நாள்கூட உபரி இல்லாத திட்டம் இது. மழை ஒரு நாள் பெய்தால், ஒருவருக்குத் தலைவலி வந்தால், "டிக்கெட் போய்விடுமே" என்று மோசமான நேரத்தில் பனியில் கால் வைப்பீர்கள். ஹிமாலயத்தில் நான் பார்த்த தப்பான முடிவுகளில் பாதிக்குமேல் டிக்கெட்டால் எடுக்கப்பட்டவை. என்னுடையதும் சேர்த்துத்தான்.

இடத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஹம்ப்டா கணவாய் ஹிமாச்சலப் பிரதேசத்தில், பீர் பஞ்சால் மலைத்தொடரில் சுமார் 4,270 மீட்டரில் இருக்கிறது. இந்தப் பக்கம் பச்சைப் பசேலென்ற குலு பள்ளத்தாக்கு, அந்தப் பக்கம் மழை எட்டாத லாஹௌல். கத்தி (Gaddi) என்ற இனத்து இடையர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு காலங்காலமாகப் போய்வரும் வழி. மணாலியிலிருந்து ப்ரீனி வழியாக வண்டியில் ஜோப்ரா, அங்கிருந்து நடந்து சிகா (3,100 மீட்டர் அளவில்), அப்புறம் பாலு கா கேரா (சுமார் 3,600), கணவாய், மறுபக்கம் இறங்கி சியாகோரு (சுமார் 3,900), கடைசியாக சந்திரா நதிக்கரையில் சத்ரு (சுமார் 3,350). நான்கு நாள் நடை. நான் நான்கு முறை போயிருக்கிறேன். இரண்டு முறை ஜூனில், ஒரு முறை ஆகஸ்டில், ஒரு முறை செப்டம்பரில். ஜூனில் போனவற்றுள் ஒன்றில் பாலு கா கேராவோடு திரும்பினேன்.

ஆகஸ்டில் இது பூவும் கல்லுமாக, ஆட்டுத்தடம் தெளிவாகத் தெரிகிற நல்ல நடைபாதை. இணையத்தில் நீங்கள் பார்த்த வீடியோக்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்தவை. ஜூன் தொடக்கத்தில் அதே இடம் வேறு ஊர். பனி அதிகம் பெய்த வருஷமென்றால் பாலு கா கேராவுக்குக் கீழேயே வெள்ளை தொடங்கிவிடும், சியாகோரு தாண்டியும் விடாது. தடம் கிடையாது, வழி காட்டும் கல்குவியல்கள் எல்லாம் உள்ளே புதைந்திருக்கும்.

இங்கே நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. மார்கழியில் புல்நுனியில் நிற்பதும் பனி, ஊட்டியில் தரையில் வெள்ளையாகப் படிவதும் பனி, கணவாயில் ஆள் உயரத்துக்குக் கிடப்பதும் பனி. ஆனால் கணவாயில் கிடக்கும் அந்த ஒரே பனி ஒரே நாளில் மூன்று பொருளாக மாறுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு சிமென்ட் தரை. ராத்திரிக் குளிரில் இறுகிப்போய், மைக்ரோஸ்பைக் (ஷூவில் மாட்டும் முள் வைத்த சங்கிலி) இல்லாமல் நின்றால் வழுக்கிக்கொண்டு போகும். எட்டு, ஒன்பது மணிக்கு மேல்பரப்பு கல்லுப்பு மாதிரி பொலபொலவென்று ஆகும். ஷூ நுனியால் ஒரு உதை விட்டால் படி மாதிரி பதிகிறது, ஏற அருமையான நேரம். பதினொன்று தாண்டினால் ஊறவைத்த அவல். ஒவ்வோர் அடிக்கும் முட்டிவரை, சில இடத்தில் தொடைவரை உள்ளே போகும். முதுகில் பதினான்கு கிலோவோடு காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தால் அரை மணியில் ஆள் தீர்ந்துபோவான். பாறைகளின் ஓரம் இன்னும் மோசம். பகல் வெயிலில் பாறை சூடாகி சுற்றியுள்ள பனியை உள்ளுக்குள் கரைத்திருக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கால் சட்டென்று இறங்கி, உடம்பு முன்னால் சாய்ந்து, முழங்கால் திருகிக்கொள்கிற இடம் அதுதான்.

அதனால் கணவாய் நாளுக்கு அலாரம் அதிகாலை மூன்று மணிக்கு. ஜூன் முதல் வாரம் அங்கே ஐந்தே காலுக்கெல்லாம் சூரிய உதயம், நாலே முக்காலுக்கே கால் வைக்கும் இடம் தெரியும். நாலரைக்குக் கிளம்புங்கள். ஒன்பது, ஒன்பதரைக்கு மேலே இருக்க வேண்டும். பதினோரு மணிக்கு எங்கே நின்றாலும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும், திரும்ப வேண்டும். இதை மேலே போய்ப் பேசக்கூடாது. மணாலியில் டீ குடிக்கும்போதே நான்கு பேரும் பேசி முடித்து, சொல்கிற பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். உங்களில் யாருக்கு உச்சி மேல் ஆசை குறைவோ அவரிடம்.

இந்தப் பயணத்தில் எனக்கு உண்மையில் பயம் தருவது கணவாய் இல்லை, தண்ணீர். பனி உருகித்தான் ஓடை. காலையில் உருகுவது குறைவு, மதியம் வெயில் ஏற ஏற ஓடை ஏறும், மாலை நான்கு, ஐந்துக்கு உச்சத்தில் இருக்கும். சிகாவிலிருந்து பாலு கா கேரா போகும் வழியில் ஜ்வாரா பக்கம் ஒரு ஓடை, அப்புறம் சியாகோருவில் ஒன்று. என் முதல் ஜூன் பயணத்தில் ஒருவரின் ஷூ அடிப்பாகம் பிய்ந்து, கயிறு கட்டி ஒட்டி நடந்து, மதியம் பன்னிரண்டரைக்குத்தான் கணவாயில் ஏறினோம். சியாகோரு வந்தபோது மணி நாலேகால். ஓடை சாம்பல் நிறத்தில் பொங்கிக்கொண்டிருந்தது. கரையில் நின்றால் தண்ணீருக்கு அடியில் பெரிய கற்கள் உருளும் சத்தம் கடகடவென்று கேட்கும். குச்சியை விட்டுப் பார்த்ததில் ஓரத்திலேயே தொடையளவு ஆழம். இருட்டுவதற்குள் அக்கரை போய்விடலாம் என்று ஒருவர் சாண்டலை மாட்டத் தொடங்கிவிட்டார். எங்களோடு வந்த சிகா பக்கத்து ஆடு மேய்ப்பவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு தட்டைக் கல்லை எடுத்துத் தண்ணீர் தொடும் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தால் கல் காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் அதற்கு ஒன்றரை சாண் கீழே. முழங்கால் ஆழத்தில் தாண்டினோம். கால் மரத்துப்போய், அக்கரையில் ஐந்து நிமிஷம் விரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை, அவ்வளவுதான்.

அன்று முதல் எந்த ஓடைக்கரையில் தங்கினாலும் ஒரு கல் வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

தாண்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஓடை குறுகலாக இருக்கும் இடம் சுலபம் என்று தோன்றும், அங்கேதான் வேகமும் ஆழமும் அதிகம். கிளை கிளையாகப் பிரிந்து அகன்று ஓடும் இடத்தைத் தேடி நூறு, இருநூறு மீட்டர் மேலும் கீழும் நடந்து பாருங்கள். வெறுங்காலில் இறங்காதீர்கள். மரத்த காலுக்குக் கல் எங்கே குத்துகிறது என்று தெரியாது. பின்வார் வைத்த சாண்டல் போதும். பையின் இடுப்பு பெல்ட்டையும் மார்பு பெல்ட்டையும் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பை உங்களை அமுக்கக்கூடாது. தண்ணீர் வரும் திசையைப் பார்த்து, குச்சியை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் நகருங்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவது சினிமாவில் நன்றாக இருக்கும். நிஜத்தில் விழுந்தவரை அந்தக் கயிறே நீருக்கடியில் பிடித்து வைத்துக்கொள்ளும். முழங்காலுக்கு மேலே வேகமான தண்ணீர் என்றால் காத்திருங்கள். காலை வரும்.

ஜூன் தொடக்கத்தில் ஓடைமேல் பனிப்பாலங்கள் இருக்கும். பல இடங்களில் ஓடை மேல் நடக்கிறோம் என்றே தெரியாமல் நடப்பீர்கள். நடுவில் பள்ளமாகத் தொய்ந்திருந்தாலோ, நிறம் சாம்பலாக மாறியிருந்தாலோ, காலுக்கடியில் தண்ணீர் சத்தம் பக்கத்தில் கேட்டாலோ விலகிவிடுங்கள். வேறு வழியில்லை என்றால் காலையில், ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு. மதியம் மூன்று மணிக்கு அதே பாலத்தில் நான்கு பேரும் நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

இந்த இடத்தில் இன்னொரு பொறி. ஆகஸ்டில் யாரோ நடந்து பதிவு செய்த ஜிபிஎஸ் தடத்தை இறக்கிக்கொண்டு அதன்மேலேயே நடக்காதீர்கள். கோடைத்தடம் பல இடங்களில் ஓடையை ஒட்டியே போகும், அதாவது ஜூனில் பனிப்பாலத்தின் மேல். சில இடங்களில் சரிவைக் குறுக்கே வெட்டிப் போகும். மண்ணில் அது சும்மா நடை, இறுகிய பனியில் வழுக்கினால் கீழே எங்கே போய் நிற்போம் என்று பார்க்க வேண்டிய இடம். தடம் திசை காட்டட்டும், கால் வைக்கும் இடத்தை நீங்கள் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சரி, தேதி. உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஜூன் 10க்கும் 20க்கும் நடுவில் கணவாய் நாள் வருகிற மாதிரி தள்ளிவைப்பேன். பருவமழை பொதுவாக ஜூன் கடைசி வாரத்தில் ஹிமாச்சலைத் தொடும். அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து நாள்தான் பனியும் ஓரளவு அடங்கி, வானமும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும் காலம். ஆனால் நாள்காட்டியை மட்டும் நம்ப வேண்டாம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தைப் படம் எடுக்கின்றன. கோபர்னிகஸ் பிரவுசர் என்ற தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். படத்தில் ஒரு புள்ளி பத்து மீட்டர். மே மாதம் நடுவிலிருந்து வாரம் ஒரு முறை மேகமில்லாத படத்தை எடுத்து, வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். சிகாவைத் தொட்டுக்கொண்டிருந்தால் பொறுங்கள். பாலு கா கேராவின் மணல் தரை பழுப்பாகத் தெரியத் தொடங்கியதும் டிக்கெட் போடலாம். போன வருஷம், அதற்கு முந்தின வருஷம் இதே தேதிப் படங்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இந்த வருஷம் முன்னா பின்னா என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகளில் இதைவிட உபயோகமானது வேறில்லை.

கிளம்புவதற்கு முந்தைய நான்கைந்து நாள் வானிலைத் துறையின் முன்னறிவிப்பில் 'மேற்கத்தியக் கலக்கம்' என்ற சொல் வருகிறதா என்று கவனியுங்கள். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் அந்தக் காற்றுத்தொகுதிதான் ஜூனிலும் கணவாயில் புதுப் பனியைக் கொட்டும். வந்தால் அது கடந்து ஒரு முழு நாள் பொறுத்து ஏறுங்கள். செங்குத்தான சரிவில், குறிப்பாக 30 முதல் 45 டிகிரி சாய்வில், புதிதாக விழுந்த பனி முதல் வெயிலுக்குச் சரியும். அந்தப் பக்கம் வானம் விளையாடினால் என்னாகும் என்பதற்கு 2018 செப்டம்பர் கடைசி சாட்சி. பருவம் தவறிய பனிப்பொழிவில் லாஹௌல் ஸ்பிதியில் நூற்றுக்கணக்கானவர்கள் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். 2023 ஜூலையில் சந்திரதால் முகாமில் முன்னூறு பேர் அளவில் மாட்டி, ரோட்டில் பனியை வெட்டித்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

சந்திரதாலை விட்டுவிடுங்கள் என்பது என் யோசனை. படால் தாண்டி ஏரிக்குப் பிரியும் கிளை ரோடு ஜூன் நடுவில்தான் வழக்கமாகத் திறக்கும். சத்ருவுக்கே ரோடு திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். திறக்கவில்லை என்றால் கணவாயைத் தாண்டிக் களைத்த காலோடு க்ராம்ஃபுவுக்கு இன்னும் 17 கிலோமீட்டர் போல ரோட்டிலேயே நடக்க வேண்டும். க்ராம்ஃபுவுக்கு வந்துவிட்டால் கோக்சர், அடல் சுரங்கம் வழியாக மணாலி. 2020இல் சுரங்கம் திறந்த பிறகு ரோஹ்தாங் கணவாயைச் சுற்றும் பாடு இல்லை. மணாலி டாக்ஸி நிலையத்தில் கேட்டால் ரோட்டு நிலவரம் அன்றன்றைக்குத் தெரியும்.

உயரத்தைப் பற்றி நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். வெள்ளியங்கிரி நான்கு முறை என்பது கால்பலத்துக்கு நல்ல சான்று, உண்மையிலேயே. ராத்திரி முழுக்க ஏறி விடியலில் இறங்குகிறவருக்கு ஹம்ப்டாவின் ஏற்றம் மிரட்டாது. ஆனால் நுரையீரலுக்கு அது எதையும் சொல்லித்தரவில்லை. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். நீங்கள் முதல் ராத்திரி படுக்கப்போகும் சிகா அதைவிட உயரம். உடம்பு வலுவானவர்களுக்கு மலைநோய் (உயரத்தில் காற்று மெலிவதால் வரும் கோளாறு) வராது என்பது கட்டுக்கதை. வேகமாக ஏறுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் முதலில் வருகிறது.

பொதுவான விதி, 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது. இந்த வழியில் சிகா, பாலு கா கேரா, சியாகோரு என்று அது கிட்டத்தட்ட அமைந்துவிடுகிறது. கெடுப்பது தொடக்கம்தான். கோவையிலிருந்து விமானம், பஸ்ஸில் ராத்திரிப் பயணம், மணாலியில் தூக்கமில்லாமல் இறங்கி மறுநாளே ஜோப்ரா. மணாலியில் இரண்டு ராத்திரி தூங்குங்கள். பாலு கா கேராவிலும் ஒரு நாள் கூடுதலாக வைத்து, அன்றைக்குக் கணவாய்ப் பக்கம் இரண்டு மணி நேரம் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வாருங்கள். உடம்பும் பழகும், பனியில் நடக்கவும் பழகும், மறுநாள் இருட்டில் போகும் வழியும் தெரியும். உங்கள் திட்டத்தில் நான் சேர்க்கச் சொல்லும் நாட்களில் மிகவும் பயனுள்ளது இது.

பாலு கா கேராவில் அந்த மாலை நான்கு பேரும் ஒருவரை ஒருவர் உண்மையாக விசாரித்துக்கொள்ள வேண்டும். தலைவலி இருக்கிறதா, சாப்பாடு இறங்குகிறதா, வாந்தி வருகிறதா? ஏன் அங்கே என்றால், அதுதான் சுலபமாகத் திரும்பக்கூடிய கடைசி இடம். கணவாயைத் தாண்டி சியாகோருவில் ஒருவருக்கு முற்றினால் இரண்டே வழி. மறுபடி 4,270 மீட்டர் ஏற வேண்டும், அல்லது ஓடையைத் தாண்டி சத்ருவுக்கு இறங்க வேண்டும். ராத்திரியில் இரண்டுமே முடியாது. தலைவலியோடு ஏறாதீர்கள். நேர்கோட்டில் குதிகால், நுனிகால் ஒட்டி நடக்கச் சொல்லுங்கள், தள்ளாடினால் மூளை வீக்கத்தின் அறிகுறி. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமல் வந்தால் நுரையீரலில் நீர் கோத்ததன் அறிகுறி. இரண்டுக்கும் மருந்து இறங்குவது, உடனே, ராத்திரியானாலும். டயமாக்ஸ் என்ற அசிடசோலமைட் மாத்திரை பற்றிக் கேட்பீர்கள். 125 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்று, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து என்பது வழக்கமான தடுப்பு அளவு. உங்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எண்ணை நம்பி, முகம் வெளுத்துப்போனவரை "92 காட்டுகிறதே" என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

வழிகாட்டி? நான்கு பேரில் ஒருவர்கூடப் பனியில் நடந்ததில்லை என்பதால் ஒரு உள்ளூர்க்காரரை அழைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். நிறுவனம் வேண்டாம் என்ற உங்கள் எண்ணத்தோடு எனக்குச் சண்டையில்லை. மணாலியிலோ சேதன் கிராமத்துப் பக்கமோ விசாரித்தால் தனியாக வருபவர்கள் கிடைப்பார்கள். அந்த வாரம் யார் மேலே போய்வந்தார்கள், எந்தப் பாலம் விழுந்துவிட்டது என்று அவர்களுக்குத்தான் தெரியும். சுமைக்குக் கோவேறு கழுதை பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தால், தடித்த பனியில் அது ஏறாது. தொடக்கப் பருவத்தில் பாலு கா கேராவோடு நிறுத்திவிடுவார்கள், மேலே ஆள்சுமைதான். அவர்களிடமும் கண்ணாடியும் நல்ல ஷூவும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள். அனுமதி, பதிவு விதிகள் பருவத்துக்குப் பருவம் மாறும், மணாலியில் இறங்கிய அன்றே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இப்போது பட்டியல். மைக்ரோஸ்பைக்ஸும், ஷூவுக்குள் பனி போகாமல் காலை மூடும் கெய்ட்டரும் மணாலியில் வாடகைக்குக் கிடைக்கும். சங்கிலி அறுந்திருக்கிறதா, உங்கள் ஷூ அளவுக்கு இறுகப் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். அடிப்பாகம் வளையாத, கணுக்காலை மூடும் ஷூ, குறைந்தது இரண்டு மாதம் பழகியது. ஒரு குச்சி போதும் என்பார்கள், இரண்டாக எடுங்கள். ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி) பிடிக்கத் தெரியாதவர் கையில் ஐஸ் ஆக்ஸ் இன்னொரு கூர்மையான பொருள், அவ்வளவே. கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் மணாலியிலேயே வாஜ்பாய் பெயரிலான அரசு மலையேற்றப் பயிற்சி நிலையம் இருக்கிறது, இன்னொரு வருஷம் போங்கள். இறங்கும்போது உட்கார்ந்து சறுக்க ஆசை வரும். கீழே சமமாக நிற்கும் இடம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும், அதுவும் ஸ்பைக்ஸைக் கழற்றிவிட்டு. மாட்டிக்கொண்டே சறுக்கினால் முள் பனியில் குத்தி நிற்கும், கணுக்கால் சுழலும்.

கண்ணாடியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடக்கூட அந்தக் கதிர் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுகிறது. மேகமாக இருக்கிறதே என்று கண்ணாடியைக் கழற்றியவர் அன்று ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி துடிப்பார். பக்கமும் மூடிய, நல்ல கறுப்புக் கண்ணாடி ஆளுக்கு ஒன்று, கூட்டத்துக்கு ஒன்று உபரி. கதிர் கீழேயிருந்து வருவதால் சன்ஸ்கிரீனைத் தாடைக்கடியில், மூக்குத் துவாரத்துக்குள், காதின் பின்பக்கம் எல்லாம் தடவ வேண்டும். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நானும் நினைத்தேன். மூக்கின் உள்ளே தோல் உரிந்து ஒரு வாரம் தும்மவே பயந்தேன்.

தூங்கும் பையில் எழுதியிருக்கும் வெப்பநிலை எண்களில் 'எக்ஸ்ட்ரீம்' என்பதைப் பார்க்காதீர்கள், 'கம்ஃபர்ட்' எண் மைனஸ் ஐந்து அளவில் இருக்கட்டும். ஜீன்ஸும் பருத்தி பனியனும் வேண்டாம், நனைந்தால் காயாது. மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடியைப் பிளாஸ்டிக்கில் கட்டித் தூங்கும் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள், பகலில் என்ன ஆனாலும் தொடக்கூடாது.

கேஸ் சிலிண்டரை விமானத்தில் கொண்டுபோக முடியாது, மணாலியில் வாங்குங்கள். நான்கு பேருக்கு ஐந்து ராத்திரி என்றால் 230 கிராமில் நான்கு. வெறும் பியூட்டேன் பூஜ்ஜிய டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாக மறுக்கும், ஐசோபியூட்டேன்–புரொப்பேன் கலவை கேளுங்கள். ராத்திரி சிலிண்டரையும் போனையும் பவர் பேங்கையும் தூங்கும் பைக்குள் போட்டுக்கொண்டு படுங்கள். போனை அவசரத்துக்கு நம்ப வேண்டாம், நடைபாதையில் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. சாட்டிலைட் போன், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் மாதிரிக் கருவிகளை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு. மணாலியில் ஒருவரிடம் வழி, தேதி, 'இந்த நாள் மாலைக்குள் போன் வராவிட்டால் 112க்குச் சொல்லுங்கள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் நடைமுறை.

சாப்பாட்டில் அரிசியை மறந்துவிடுங்கள். பாலு கா கேரா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பொன்னி அரிசியை எவ்வளவு நேரம் வைத்தாலும் நடுவில் ஊசி நிற்கும், கேஸ்தான் தீரும். குக்கரைச் சுமக்கத் தயார் என்றால் வேறு கதை. அவல், சேமியா, வறுத்த ரவையில் செய்த உப்புமா மிக்ஸ், பருப்புப் பொடி, தொக்கு, கடலைமிட்டாய். பொடிக்கு நல்லெண்ணெய் கொண்டுபோங்கள். ஒருவர் தேங்காயெண்ணெய் பாட்டில் எடுத்து வந்தார், மணாலியிலேயே உறைந்துவிட்டது. நான்கு நாளும் சும்மா சுமந்தார்.

கணவாய் நாள் வானிலை ஒத்துவராவிட்டால் பாலு கா கேராவிலிருந்து வந்த வழியே இறங்கி, மிச்ச நாளில் சோலாங் பக்கம் பியாஸ் குண்ட் போய்வாருங்கள். அல்லது முதலிலிருந்தே ப்ருகு ஏரியை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் சுமார் 4,200 மீட்டர், அங்கேயும் ஜூனில் பனி, ஆனால் ஏறிய பக்கமே இறங்குவதால் யாருக்காவது முடியாமல் போனால் சில மணி நேரத்தில் கீழே வந்துவிடலாம். முதல் பனிப்பயணத்துக்கு அது ஒன்றும் மட்டமான தேர்வில்லை. உங்களில் இரண்டு பேருக்கு மட்டும்தான் கணவாய் ஆசை என்றால் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. சத்ருவில் பருவம் நெருங்கினால் தாபாக்கள் முளைத்துவிடும், ராஜ்மா சாதம் சூடாகக் கிடைக்கும். ஜூன் தொடக்கத்தில் கடைக்காரர்கள் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். கடைசி நாள் சாப்பாட்டை அதை நம்பிக் குறைக்காதீர்கள், வண்டியையும் மணாலியிலிருந்து கிளம்பும்போதே பேசி வைத்துவிடுங்கள், 'ஒரு நாள் தாமதமானாலும் வா' என்று சொல்லி.